பழைய போர்ஷே பாக்ஸ்டர்: பளபளப்பு இருக்கட்டும், பில் எங்கே?

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கலாம் என்று தேட ஆரம்பிக்கிற யாரும் சீக்கிரமே பாக்ஸ்டரில் வந்து நிற்பார்கள். போர்ஷே சின்னம், முதுகுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர் எஞ்சின், திறந்து மூடுகிற கூரை, அதுவும் அதே கம்பெனியின் 911-ஐ விட வெகு மலிவாக. ஏன் இவ்வளவு மலிவு என்று தெரியாமல் வாங்கினால் கை சுடும். தெரிந்து, பார்த்து, பொறுக்கி வாங்கினால் இந்தக் காசுக்கு இதைவிட நல்ல ஓட்டம் தருகிற வண்டி இல்லை என்பேன். முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன், 986, 987 என்று எண்ணால் சொல்வார்களே அவை. அதிலும் 986-ஐப் பற்றித்தான் அதிகம், ஏனென்றால் சந்தையில் ஆசை காட்டுவதும் அதுதான், ஆளைக் கவிழ்ப்பதும் அதுதான்.

முதலில் எது எது என்று தெரிந்துகொள்வோம். 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரியாக வந்து, 1996 கடைசியில் விற்பனைக்கு வந்தது 986. முதலில் 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 2000 மாடலில் அது 2.7 லிட்டர் ஆனது, கூடவே 3.2 லிட்டர், 252 குதிரைத்திறனோடு பாக்ஸ்டர் எஸ் வந்தது. 2003-இல் சின்னச் சின்ன மாற்றங்கள்: பின் ஜன்னல் பிளாஸ்டிக் போய்க் கண்ணாடி வந்தது, ஒருவழியாகக் கையுறைப் பெட்டியும் வந்தது. 2005 மாடலாக 987, அப்புறம் 2009-இல் முற்றிலும் புதிய எஞ்சினோடு 987-இன் இரண்டாம் பாதி. இந்த 2009 என்கிற எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சில வண்டிகள் ஸ்டுட்கார்ட்டில் செய்தவை, நிறைய வண்டிகள் பின்லாந்தின் உசிகௌபுங்கியில் வால்மெட் ஆலையில் செய்தவை. சேசிஸ் எண்ணின் பதினோராவது எழுத்து எஸ் என்றால் முன்னது, யு என்றால் பின்னது. ஜெர்மனியில் செய்தது தான் ஒசத்தி என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள், தரத்தில் வித்தியாசம் இல்லை.

ஓட்டம் எப்படி? காகிதத்தில் 2.5 எஞ்சின் நூறைத் தொட 6.9 விநாடி, 3.2 எஸ் 5.9 விநாடி. இன்றைக்கு மின்சாரக் கார்கள் இதைவிட வேகமாகப் போகின்றன, அதனால் நேர்கோட்டு வேகத்துக்காக இதை வாங்க வேண்டாம். இதன் ருசி வளைவில் இருக்கிறது. சுமார் 1,250 கிலோ எடை, அதன் கனமான பாகம் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையை ஒட்டிப் படுத்த எஞ்சின். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் மூக்கு மட்டும் திரும்பிப் பின்பக்கம் தாமதமாக வருகிற உணர்வே இல்லை, மொத்த வண்டியும் உங்கள் இடுப்பைச் சுற்றித் திரும்புகிறது. ஸ்டீயரிங் ஹைட்ராலிக், சாலையில் சின்ன மணல் இருந்தாலும் விரலுக்குச் செய்தி வரும். எஞ்சின் சத்தம் கூரையைத் திறந்தால் நேராகக் காதுக்குள். முன்னால் ஒரு டிக்கி, பின்னால் ஒரு டிக்கி, வார இறுதிப் பயணத்துக்கு இரண்டு பேர் சாமான் தாராளமாக அடங்கும். குறை என்றால் 986-இன் உள்பக்கம். பிளாஸ்டிக் மலிவானது, பட்டன்களின் மேல்பூச்சு ஒட்டும் பிசுபிசுப்போடு உரிந்துவரும், முன்விளக்கைப் பார்த்துப் பொரித்த முட்டை என்று கேலி செய்தவர்கள் இன்றும் செய்கிறார்கள். ஓட்ட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் இதெல்லாம் மறந்துபோகும், அதனால்தான் ஓட்டிப் பார்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிவைக்கச் சொல்கிறேன். ஓட்டிவிட்டால் அப்புறம் உங்கள் கண் குறையைப் பார்க்காது.

இந்த வண்டியை வாங்க வருகிறவர்கள் முதலில் விழுகிற பள்ளம், குறைந்த கிலோமீட்டர். இருபது வருட வண்டி, ரொம்பக் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது, ஷெட்டிலேயே துணி போர்த்தி வைத்திருந்தோம் என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் ஓடாமல் நின்ற பாக்ஸ்டரில் ஆயிலுக்குள் ஈரமும் அமிலமும் சேரும், ரப்பர் சீல்கள் காய்ந்து கசியும், கூலன்ட் தன் குணத்தை இழக்கும், டயர் கல்லாகும், கூரைத் துணி மடிந்த இடத்தில் நைந்துபோகும். வாரம் தவறாமல் ஓடி, கணக்காக ஆயில் மாற்றி, அதற்கு இரண்டு மூன்று மடங்கு கிலோமீட்டர் காட்டுகிற வண்டியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அந்தக் காலத்துச் சர்வீஸ் புத்தகமே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்கிற பாணியில் நீண்ட இடைவெளி சொன்னது, அதை அப்படியே பின்பற்றியவர்களின் எஞ்சின்களும் நல்ல கதியில் இல்லை. வருடம் ஒருமுறை, அல்லது எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்குள், எது முதலில் வருகிறதோ அப்போது ஆயில் மாற்றிய பில்கள் வரிசையாக இருந்தால் அந்த ஃபைல் வண்டியின் பாதி விலை பெறும்.

சரி, எல்லோரும் பயமுறுத்துகிற ஐ.எம்.எஸ் பேரிங்குக்கு வருவோம். கிராங்க் ஷாஃப்ட்டுக்கு அடியில் இடைநிலைத் தண்டு (இன்டர்மீடியேட் ஷாஃப்ட், அதன் சுருக்கம்தான் ஐ.எம்.எஸ்) ஒன்று ஓடுகிறது, கிராங்கிலிருந்து சங்கிலி வழியாக விசையை வாங்கி, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. அந்தத் தண்டின் கியர்பாக்ஸ் பக்கத்து முனையைத் தாங்குவது ஒரு சின்ன பால் பேரிங். தண்ணீர் பம்பில், மோட்டாரில் எல்லாம் இருக்குமே, உள்ளே கிரீஸ் அடைத்து இருபுறமும் சீல் போட்ட பேரிங், அந்த வகைதான். அதைச் சூடான ஆயில் நிறைந்த எஞ்சினுக்குள் வைத்துவிட்டார்கள். நாளாவட்டத்தில் சீல் தளர்ந்து ஆயில் மெதுவாக உள்ளே போகிறது, கிரீஸைக் கழுவிவிடுகிறது, போன ஆயில் வெளியே வராமல் அங்கேயே பழசாகிறது. குண்டுகள் தேய்ந்து பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், சங்கிலி தாவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதோடு எஞ்சின் முடிந்தது. பழுது பார்க்கிற கதையே இல்லை, வேறு எஞ்சின்தான், அந்தச் செலவு பல வண்டிகளில் வண்டியின் விலையையே தாண்டிவிடும்.

எல்லா வண்டிக்கும் இது ஒரே அளவு ஆபத்து இல்லை என்பதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. ஆரம்பகால வண்டிகளில் இருந்தது இரட்டை வரிசைப் பேரிங், கொஞ்சம் தெம்பானது. 2000 வாக்கில் ஒற்றை வரிசைக்கு மாறினார்கள், 2005 வரை வந்த இந்த வகைதான் அதிகம் போனது. அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு 2013-இல் சமரசத்தில் முடிந்தது. அதற்கப்புறம் 2008 வரை வந்த எஞ்சின்களில் பெரிய பேரிங், இது போவது அபூர்வம், ஆனால் எஞ்சின் உடலைப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. கிளட்ச் மாற்றும்போது வெளிப்பக்கச் சீலை மட்டும் எடுத்துவிட்டு எஞ்சின் ஆயிலே அதை நனைக்கட்டும் என்று விடுவதுதான் வழக்கம். 2009 எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. ஆக, 987-லேயே 2005 வண்டி என்றால் எந்தப் பேரிங் என்பதை எஞ்சின் எண்ணை வைத்தும், கியர்பாக்ஸ் இறக்கும்போது கண்ணால் பார்த்தும்தான் உறுதி செய்ய முடியும், விற்பவர் வாய்ச்சொல்லால் இல்லை.

“ஐ.எம்.எஸ் மாற்றியாச்சு சார்” என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில்லில் தேதி, அப்போதைய கிலோமீட்டர், எந்த நிறுவனத்தின் எந்தப் பேரிங், யார் போட்டது, இவ்வளவும் இருக்க வேண்டும். மாற்றுப் பேரிங்குகளிலும் ஆயுள் குறித்தவை உண்டு, இத்தனை வருடம் அல்லது இத்தனை கிலோமீட்டர் கழித்து மறுபடியும் மாற்று என்று செய்தவர்களே சொல்கிறார்கள், பத்து வருடத்துக்கு முன் போட்டதைக் காட்டி நிம்மதி சொன்னால் கணக்கு இடிக்கும். அதே பில்லில் கிளட்ச், பின் கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ஆயில் கசியாமல் தடுப்பது) இரண்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸை இறக்கிவிட்டு இவற்றை மாற்றாமல் மறுபடி ஏற்றியிருந்தால் அது காசை மிச்சம் பிடித்த வேலை, வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்தார்களோ. மாற்றாத வண்டி என்றால் வாங்கவே கூடாது என்று அர்த்தமில்லை. கிளட்ச் மாற்றும் நேரம் நெருங்கிய, மாற்றாத, ஆனால் ஃபில்டர் சுத்தமாக இருக்கிற வண்டியை, அந்த வேலைக்கான செலவை விலையில் கழித்துக்கொண்டு வாங்குவது நல்ல வியாபாரம்.

ஃபில்டர் என்றேனே, அதுதான் இந்த எஞ்சினின் ரத்தப் பரிசோதனை. பழைய ஆயில் ஃபில்டர் காகித மடிப்புகளால் ஆனது, கழற்றி, வெட்டி, விரித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பழுப்பு நிறப் பிளாஸ்டிக் துணுக்குகள் என்றால் சங்கிலியைத் தாங்கும் பட்டைகள் தேய்கின்றன. மினுமினுக்கும் துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு, பேரிங் தேய்கிறது, அந்த வண்டியிடமிருந்து கும்பிடு போட்டு விலகுங்கள். ஒட்டாத மினுமினுப்பு அலுமினியமாக இருக்கலாம், அதுவும் அதிகம் இருந்தால் நல்ல சேதி இல்லை. விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் புதிய ஃபில்டருக்கும் ஆயிலுக்கும் நானே காசு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் காரணம் அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். போன வாரம்தான் ஆயில் மாற்றினேன் என்பார்கள் சிலர், விற்பதற்குச் சற்று முன் புது ஆயில் ஊற்றியிருந்தால் இந்தப் பரிசோதனையே பயனில்லாமல் போய்விடும், கழற்றிய ஃபில்டர் எங்கே என்று கேளுங்கள்.

பேரிங்கைப் பற்றிய பயத்தில் எல்லோரும் மறந்துவிடுகிற இன்னொரு நோய், சிலிண்டர் சுவரில் விழும் கீறல். 986-இன் 2.5, 2.7 எஞ்சின்களில் இது அபூர்வம். 2007 மாடலிலிருந்து 987 எஸ்ஸில் வந்த 3.4 எஞ்சினில்தான் அதிகம் கேட்கிறோம். அறிகுறி, புகைக்குழாய் முனை கரி படிந்து கறுத்திருப்பது, எஞ்சின் சூடான பிறகும் நிற்காத டிக் டிக் சத்தம், ஆயில் வேகமாகக் குறைவது. பாக்ஸ்டரில் குழாய் முனைகள் நடுவில் ஒன்றாகச் சேர்ந்துவிடுவதால் கரியை வைத்து எந்தப் பக்கம் என்று சொல்வது கடினம், ஆகவே மெல்லிய கேமராவைச் சிலிண்டருக்குள் விட்டுப் பார்ப்பதே ஒரே வழி. 3.4 எஞ்சினை இந்தக் கேமரா சோதனை இல்லாமல் வாங்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்ப்பது சுலபம், அடியில் ஆயில் சட்டியைக் கழற்றிக் கீழிருந்து பார்ப்பது உறுதியானது, ஏனென்றால் கீறல் பெரும்பாலும் சிலிண்டரின் கீழ்ப்பகுதியில் ஆரம்பிக்கிறது. முதல் இரண்டு மூன்று வருட 2.5 எஞ்சின்களில் வார்ப்புக் குறைகள் இருந்தன என்பதும் உண்மை, ஆனால் அப்படிக் கெட்டவை இத்தனை வருடத்தில் எப்போதோ கெட்டு முடிந்திருக்கும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் புகைக்குழாயைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு சின்னப் புகைக் கொத்து வந்து மறைந்தால் பயம் வேண்டாம். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் நிறுத்தி வைக்கும்போது கொஞ்சம் ஆயில் பிஸ்டன் பக்கம் கசிவது இந்த எஞ்சினின் சுபாவம். சில விநாடி டிக் டிக்கென்று வால்வு லிஃப்டர் சத்தமும் சகஜம். ஆனால் வெள்ளைப் புகை திரையாக எழுந்து நிற்காமல் வந்தால் ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் செபரேட்டர் கிழிந்திருக்கிறது. ஆளைக் கலங்கடிக்கும் புகை, ஆனால் எஞ்சின் போனது என்று நினைக்க வேண்டியதில்லை, உடனே மாற்றினால் சரியாகிவிடும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முயலுங்கள், உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல இருந்தால் அந்தப் பாகத்தின் ஆயுள் முடிகிறது.

எஞ்சினைக் கண்ணால் பார்க்க ஆசைப்படாதீர்கள். மூடியைத் திறந்தால் தெரியும் எஞ்சின் இல்லை இது. பின் டிக்கியில் ஆயில், கூலன்ட் ஊற்றும் வாய்கள் மட்டும்தான் இருக்கும், எஞ்சின் சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவில் கம்பளத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதனால் லிஃப்டில் ஏற்றாமல் பாக்ஸ்டர் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதுதான். இந்த வண்டியில் பழகிய மெக்கானிக் ஒருவரை, விற்பவருக்குச் சம்பந்தமில்லாதவராகப் பிடித்து, ஒரு மணி நேரமாவது கொடுங்கள். இந்தச் சோதனைக்குக் காசு கொடுக்க மனம் வராதவர்கள் நிறையப் பேர், யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிற கூட்டம்.

லிஃப்டில் ஏறியதும் முதலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். லேசான ஈரம் என்றால் பின் கிராங்க் சீலோ, ஐ.எம்.எஸ் மூடியோ வியர்க்கிறது, விலையைக் குறைக்க ஒரு காரணம். சொட்டுச் சொட்டாக விழுந்தால் கியர்பாக்ஸை இறக்கும் வேலை உங்கள் கணக்கில். அடுத்து டார்ச் எடுத்துக்கொண்டு முன் பம்பரின் இரண்டு ஓரத் திறப்புகள் வழியாக உள்ளே பாருங்கள். ரேடியேட்டர் பின்னால் இல்லை, முன்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கிறது, எஸ் மாடலில் நடுவிலும் ஒன்று. அந்தத் திறப்புகள் காய்ந்த இலையும் குப்பையும் உறிஞ்சிச் சேர்த்துவைக்கும், ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அது ஈரத்தோடு மக்கி இரண்டையும் அரித்துவிடும். ஒருமுறையாவது பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்த வண்டியின் உரிமையாளர் அக்கறையானவர், இந்த ஒரு விஷயத்தை வைத்தே ஆளை எடைபோடலாம். பின் டிக்கிக் கம்பளத்தின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஈரமோ இனிப்பு வாசனையோ இருந்தால் கூலன்ட் தொட்டி விரிசல். தண்ணீர் பம்பின் பிளாஸ்டிக் இறக்கைகள் உடைந்து குழாய்களுக்குள் போய் மாட்டிக்கொள்ளும், எப்போது மாற்றினார்கள் என்று பில்லில் தேடுங்கள். வெப்ப முள் ஓடும்போது 80 என்ற எண்ணை ஒட்டி நிற்க வேண்டும், நெரிசலில் நின்றால் கொஞ்சம் ஏறி, விசிறி சுழன்றதும் இறங்க வேண்டும்.

இன்னொரு சோதனைக்கு ஸ்கேனர் வேண்டும், சாதாரண மலிவு ஸ்கேனர் போதாது, போர்ஷேயின் மொழி தெரிந்த டியூராமெட்ரிக் மாதிரி ஒன்று. பிழைக் குறியீடுகளைப் பார்ப்பது இதில் சின்ன விஷயம். பெரிய விஷயம் இரண்டு. ஒன்று, எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதன் கணினி எண்ணிவைத்திருக்கிறது. ஓடோமீட்டர் காட்டும் கிலோமீட்டரை அந்த மணிக்கணக்கால் வகுங்கள். ஐம்பதை ஒட்டி வந்தால் நம்பலாம். பதினைந்து இருபது என்று வந்தால், அந்த வண்டி வாழ்நாள் முழுக்க நெரிசலிலேயே நகர்ந்திருக்க வேண்டும், அல்லது யாரோ ஓடோமீட்டரைப் பின்னால் சுற்றியிருக்க வேண்டும். இரண்டாவது, எல்லை தாண்டிச் சுற்றிய கணக்கு. சுமார் 7,200 சுற்றில் கணினியே எரிபொருளை நிறுத்திவிடும், அதுவரை போனதால் பழுதில்லை. ஆனால் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் போகிற அவசரத்தில் இரண்டாவதில் போட்டுக் கிளட்சை விட்டால் சக்கரமே எஞ்சினை அடித்துச் சுற்றவைக்கும், அதைக் கணினியால் தடுக்க முடியாது, பதிவு மட்டும் செய்யும், எத்தனையாவது மணியில் நடந்தது என்பதோடு. எல்லையைக் கொஞ்சமே தாண்டிய கீழ் வரம்பில் எண்ணிக்கை இருந்தால் வண்டியை ரசித்து ஓட்டியிருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். வெகுவாகத் தாண்டிய மேல் வரம்பில் இருந்து, அதுவும் அண்மை மணிகளில் என்றால் வேண்டாம். மேல் வரம்பில் ஒன்று நடந்து, அதன் பிறகு நூற்றுக்கணக்கான மணிநேரம் ஒழுங்காக ஓடியிருந்தால் நான் யோசித்து வாங்குவேன், நீங்கள் எப்படியோ.

கூரையைக் குறைந்தது இரண்டு முறை திறந்து மூடச் சொல்லுங்கள், சுமார் 12 விநாடிக்குள் திக்காமல் இரண்டு பக்கமும் ஒன்றாக நகர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் கேபிளோ, தள்ளுகம்பியின் பிளாஸ்டிக் குமிழோ போயிருக்கிறது. பிளாஸ்டிக் ஜன்னல் மங்கியிருப்பது சகஜம், மடிப்பில் கிழிந்திருந்தால்தான் கவலை. இதைவிட முக்கியம், கூரை மடிந்து உட்காரும் இடத்தின் இரு மூலைகளிலும், முன்னால் பேட்டரி அருகேயும் உள்ள வடிகால் துளைகள். அவை அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, சீட்டுக்கு அடியில் இருக்கும் பூட்டு மற்றும் அலாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைத்துவிடும், அதோடு சாவியை வண்டி அடையாளம் காணாது. சீட்டுக்கு அடியில் கம்பளத்தை அழுத்திப் பாருங்கள். பூஞ்சை வாசனை மறைக்க ஏகப்பட்ட சென்ட் அடித்து வைத்திருக்கிறார்களா, அதுவும் ஒரு பதில்தான்.

டயர் விஷயம் சுருக்கமாக: பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம், 2318 என்றால் 2018-இன் 23-வது வாரம். நான்கும் ஒரே கம்பெனி, முன்னிரண்டும் பின்னிரண்டும் ஜோடி ஜோடியாக ஒரே வயது. பின் டயரின் உட்புற ஓரத்தை விரலால் தடவுங்கள், வெளியில் பார்க்கப் புதிதுபோல் இருக்கும் டயர் உள்ளே கம்பி தெரியத் தேய்ந்திருக்கும். விலை உயர்ந்த வண்டியில் பெயர் தெரியாத மலிவு டயர் போட்டிருந்தால், தெரியாத இடங்களில் என்ன போட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். மெதுவாக மேடு பள்ளத்தில் ஓட்டும்போது கடகடவென்றால் சஸ்பென்ஷன் கைகளும் இணைப்புக் கம்பிகளும் தேய்ந்திருக்கின்றன, பெரிய துயரம் இல்லை, பேரத்துக்கு உதவும். பிரேக் டிஸ்கின் ஓரத்தில் விளிம்பு எழும்பியிருந்தால் மாற்றும் காலம். கிளட்ச் பெடல் காலுக்குக் கனமாக இருந்தால் கிளட்ச் முடிவில் இருக்கிறது. ஐந்து கியர் வண்டியில் இரண்டாவதில் வேகமெடுத்துக் காலைப் பட்டென்று எடுங்கள், கியர் வெளியே துள்ளினால் அந்த கியர்பாக்ஸ் திறக்க வேண்டியது.

பெயிண்டுக்கு ஒரு தடிமன் அளக்கும் கருவி போதும். ஆலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 300-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, ஆயிரம் என்றால் பட்டி பூசியது. முன் பம்பரும் பானெட்டும் கல் தெறித்ததற்காக மறுபெயிண்ட் ஆகியிருப்பது இயல்பு, கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான பகுதி அப்படி இருந்தால் கேள்வி கேளுங்கள், அது கழற்றி மாற்றும் பாகம் இல்லை, வெட்டி ஒட்டுவது. முன் டிக்கி மூடியின் உட்புறத்தில் ஆப்ஷன் எண்கள் அச்சடித்த ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அதே ஸ்டிக்கர் சர்வீஸ் புத்தகத்திலும். மூடியில் அது இல்லை என்றால் மூடி மாறியிருக்கிறது, ஏன் மாறியது? பின் இறக்கை 120 கிலோமீட்டர் வேகத்தில் தானாக எழும்பும், நிறுத்தி வைத்தே சோதிக்க ஃபியூஸ் பெட்டிப் பக்கம் சுவிட்ச் உண்டு. சாவி இரண்டு வேண்டும்.

இவ்வளவும் தாண்டிய பிறகு ஓட்டுங்கள். முதல் கால் மணி நேரம் மெதுவாக, ஆயில் சூடாகும் வரை. எட்டு லிட்டருக்கு மேல் ஆயில் இருக்கிறது, வெப்ப முள் நிலைக்கு வந்தாலும் ஆயில் இன்னும் வந்திருக்காது. விற்பவர் குளிர் எஞ்சினையே முறுக்கிக் காட்டி “பிக்கப் பாருங்க” என்றால் இத்தனை வருடமும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

என் தேர்வைக் கேட்டால், கை இறுக்கமாக இருப்பவருக்கு 2003, 2004 காலத்து 2.7, பேரிங் பில்லோடு, கண்ணாடி ஜன்னலோடு. எஸ் இன்னும் சுகம்தான், ஆனால் 2.7-ஐ முழுக்க முறுக்கி ஓட்டுகிற சந்தோஷம் தனி, பொதுச் சாலையில் அதை அனுபவிக்கவும் முடியும். கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் 2009-க்குப் பிந்தைய 987, 2.9 எஞ்சின், 255 குதிரைத்திறன், மேனுவல் கியர். மேலே சொன்ன பெரிய பயங்களில் முதலாவது அதில் இல்லை, கூரை, ரேடியேட்டர், டயர் கதை எல்லாம் அப்படியே இருக்கிறது. 2007, 2008 எஸ் வண்டியைக் கேமரா சோதனையில் தேறினால் மட்டும். டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் போட்ட 986 மலிவாக வரும், அந்தப் பெட்டி எஞ்சினின் சுறுசுறுப்பில் பாதியைத் தின்றுவிடுகிறது, நான் தொடமாட்டேன். செலவைப் பற்றிப் படித்து வயிறு கலங்கினால் மஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது, பழசு என்றால் கதவுக்குக் கீழே உள்ள சட்டத்தில் துருவை மட்டும் நன்றாகத் தட்டிப் பாருங்கள், பாக்கி எல்லாம் சுலபம். 9,000 சுற்று சுற்றும் ஹோண்டா எஸ்2000 எஞ்சினும் கெட்டியானது, ஆனால் அதன் விலை இப்போது வேறு உலகத்தில்.

பாக்ஸ்டர்தான் என்று முடிவு செய்துவிட்டால், கையில் உள்ள மொத்தத் தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஐந்தில் ஒரு பங்காவது முதல் வருட வேலைகளுக்கு ஒதுக்கிவையுங்கள். எவ்வளவு பார்த்து வாங்கினாலும் ஒரு இக்னிஷன் காயில், ஒரு தண்ணீர் பம்ப், ஒரு செட் டயர் எப்படியும் வந்து நிற்கும். அந்தப் பங்கை ஒதுக்க முடியவில்லை என்றால், எஸ்ஸை விட்டு 2.7-க்கு இறங்குங்கள்.